பேனருக்குப் பின்னாடி இருந்த நோ என்ட்ரி போர்டுக்கு 500 ரூபா ஃபைன், எதுத்துக் கேக்கலாமுங்களா?

சென்னிமலை போர்வைக்காரன்:

எல்லாத்துக்கும் வணக்கமுங்க. நமக்கு சென்னிமலைங்க, பெட்ஷீட் ஏவாரம், தறிக்காரங்ககிட்ட எடுத்து வெளியூர் கடைகளுக்குப் போடறது. போன மாசம் டாடா ஏஸ்ல சரக்கு ஏத்திக்கிட்டு நம்ம பக்கத்துலயே ஒரு பெரிய டவுனுக்குப் போனனுங்க (ஊர் பேரு வேண்டாமுங்க, சலான் இன்னும் பாக்கி கெடக்குது). வழக்கமா போற கடைவீதிதான், பல வருசமா ரெண்டு பக்கமும் வண்டி போய் வந்துட்டு இருந்த ரோடு. முக்குல திரும்பி உள்ள கொஞ்ச தூரம்தான் போயிருப்பேன், ஒரு போலீஸ்காரரு கைய நீட்டி ஓரங்கட்டச் சொல்லி, ஒன்வேல எதுக்கால வந்துட்டீங்கன்னு மெசின்ல சலான் போட்டுட்டாரு. எங்கீங்க போர்டுன்னு கேட்டா அங்க முக்குல இருக்குது போய்ப் பாருங்கறாரு.

போய்ப் பாத்தனுங்க. போர்டு இருக்குதுங்க, இல்லைன்னு சொல்லல. கரண்டு கம்பத்துல கட்டி வெச்சிருக்காங்க, அதுக்கு முன்னாடி ஒரு காதுகுத்து ஃப்ளெக்ஸு ஆள் உயரத்துக்கு நிக்குது, மேல புங்கமரத்துக் கெளை தொங்குது, போதாததுக்கு போர்டோட மொகமே நாங்க வர்ற பக்கம் இல்லாம அக்கட்டால திரும்பி இருக்குது. ட்ரைவர் சீட்டுல உக்காந்து பாத்தா செவப்புல ஒரு ஓரம் கூட தெரியாது. நான் அங்க நின்ன நேரத்துலயே இன்னும் ரெண்டு பைக்கு அதாட்டவே உள்ள வந்து மாட்டுச்சு. ஃபோட்டோ, வீடியோ எல்லாம் எடுத்து வெச்சிருக்கேன். 500 ரூபாதான், ஆனா பாக்கவே முடியாத போர்டுக்கு எதுக்குங்க கட்டணும்? மச்சான் என்னடான்னா கோர்ட்டு கீர்ட்டுன்னு போனா பொழப்பு கெட்டுப் போகும் பேசாம கட்டிட்டு வேலையப் பாருங்கறாப்ல. அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

மேட்டுப்பாளையம் டிக்கி:

மச்சான் சொல்றதுதான் சரிங்ணா. 500 ரூபாய்க்கு வக்கீல் வெச்சா அவருக்கு அதுக்கு மேல குடுக்கணும், ஒரு நாள் கடைய சாத்திட்டு போனா அந்த நட்டம் வேற. கட்டிட்டு ரசீத எடுத்து வெச்சுக்குங்க.

கோபி வக்கீல் அக்கா:

தம்பி, கட்டறதுக்கு முன்னாடி அந்த சலான்ல எந்த செக்சன் போட்டிருக்குதுன்னு பாருங்க. ஒன்வே கேசுல ரெண்டு விதமா எழுதலாம். மோட்டார் வாகனச் சட்டத்துல 119ம் 177ம் சேத்துப் போட்டிருந்தா அது ட்ராபிக் சைனை மதிக்கலைங்கற சாதாரண கேசு, முதல் தடவை 500 வரைக்கும், மறுபடி மாட்டுனா 1500 வரைக்கும். 184 போட்டிருந்தா அது ஆபத்தா ஓட்டுன கேசு. 2019 திருத்தத்துல அனுமதிச்ச திசைக்கு எதுக்கால ஓட்டறதையும் அதுல சேத்துட்டாங்க, அதுல முதல் தடவைக்கே 1000ல இருந்து 5000 வரைக்கும் இருக்கு, ஆறு மாசத்துல இருந்து ஒரு வருசம் வரைக்கும் ஜெயிலும் சட்டத்துல இருக்கு. 184 போட்ட சலான யோசிக்காம கட்டாதீங்க, கட்டுனா ஆபத்தா ஓட்டுனேன்னு நீங்களே ஒத்துக்கிட்ட மாதிரி ஆகிப்போகும், நாளைக்கு லைசென்சு விசயத்துல அது முன்னாடி வந்து நிக்கும்.

இப்ப முக்கியமான விசயத்துக்கு வர்றேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988ல 115வது பிரிவு, ஒரு ரோட்டுல வண்டிய தடுக்கவோ கட்டுப்படுத்தவோ அரசாங்கத்துக்கும் அரசாங்கம் அதிகாரம் குடுத்தவங்களுக்கும் உரிமை குடுக்குது. ஆனா அதே பிரிவுல ரெண்டு கடமையும் சொல்லியிருக்கு, ஒண்ணு அரசிதழ்ல அறிவிப்பு போடணும், இன்னொண்ணு 116வது பிரிவுப்படி பொருத்தமான இடத்துல போர்டு வெக்கணும். வெக்கலாம்னு இல்ல, வெக்கணும்னே இருக்கு. ஒரு மாசத்துக்கு மேல போகாத தடையா இருந்தா மட்டும் அரசிதழ் வேண்டாம், அப்பவும் உள்ளூர்ல முடிஞ்ச அளவுக்கு விளம்பரம் பண்ணியிருக்கணும். ஓட்டறவங்க போர்டுப்படி ஓட்டணும்னு சொல்றது 119. அந்தக் கடமை போர்டு இருந்தாத்தானே வரும், அப்ப கண்ணுக்குத் தெரியாத போர்டை எப்படி மதிக்கறது? இதுதான் நம்ம வாதம், இது தொழில்நுட்பக் காரணம் காட்டித் தப்பிக்கறது இல்ல, சட்டமே ரெண்டு பக்கத்துக்கும் கடமை வெச்சிருக்குது.

நாமக்கல் ஸ்டேரிங்:

அக்கா சொல்றது நூத்துக்கு நூறு. கட்டிட்டுப் போங்கன்னு சொல்றவங்க லாரிக்காரன் நெலமைய நெனச்சுப் பாக்கணும். நான் இருவது வருசத்துக்கு மேல ஸ்டேரிங் புடிக்கறேன், வெளியூர் டவுனுக்குள்ள கனரக வண்டிக்கு காலைல இத்தன மணில இருந்து இத்தன மணி வரைக்கும் தடைன்னு பொடி எழுத்துல எழுதி வெச்சிருப்பான், பதினாலு சக்கர வண்டிய ஓட்டிக்கிட்டு வர்றவன் அதைப் படிக்கறதுக்குள்ள உள்ள வந்துருவான், வந்தப்பறம் திருப்பவும் முடியாது, பின்னால எடுக்கவும் முடியாது. சலானு ஓனருக்கு மெசேஜ் போகும், ஓனரு நம்ம படில புடிப்பாரு. ஊட்டுக்கு அனுப்பற காசுல இருந்துதான் அது போகுது.

அதே நேரத்துல சரியா வெச்சிருக்கற எடமும் இருக்குது. திம்பம் மலைப்பாதைய எடுத்துக்குங்க, 2022 பிப்ரவரில இருந்து ஐகோர்ட்டு உத்தரவுப்படி ராத்திரி தடை, இருவத்தேழு கொண்டை ஊசி வளைவு, புலிக்காடு. சத்தியமங்கலத்துல இருந்து போறவன் பண்ணாரி செக்போஸ்ட்டத் தாண்டித்தான் ஏறணும், அங்கயே நிறுத்திருவாங்க. தெரியாம ஏறிட்டேன்னு சொல்ல வழியே இல்ல. தடை போடறவங்க அப்புடிப் போடணும். முன்னாடியே சொல்லு, திரும்பறதுக்கு எடம் குடு, அப்பறம் மீறுனா ஃபைன் போடு, நான் வாயத் தொறக்க மாட்டேன்.

பல்லடம் செல்வி:

எல்லாரும் ஃபைன் பத்தியே பேசறீங்க, நான் வேற ஒண்ணு சொல்லணும். எங்க அண்ணன் பைக்குல சரியான பக்கம் வந்துட்டு இருந்தப்ப ஒன்வேல எதுக்கால ஒரு வேன் வந்து மோதி கால் போச்சு. அந்த ட்ரைவரும் போர்டு தெரியலைன்னுதான் சொன்னான். உண்மையா பொய்யான்னு இன்னைக்கு வரைக்கும் எங்களுக்குத் தெரியாது, ஆனா எங்க அண்ணன் அதுக்கப்பறம் தறிக் குழில உக்காரவே இல்ல. போர்டு தெரியலைன்னு சொன்னா விட்டுருவாங்கன்னு ஆகிட்டா நாளைக்கு எல்லாரும் அதையே சொல்லுவாங்க. தயவு செஞ்சு அப்புடி ஒரு வழிய சொல்லிக் குடுக்காதீங்க.

சென்னிமலை போர்வைக்காரன்:

செல்வியக்கா, படிச்சு மனசு கனத்துப் போச்சுங்க. நீங்க சொல்றதுனாலதான் இதை விடக் கூடாதுன்னு இன்னும் உறுதியா தோணுது. அன்னைக்கு நான் மெதுவா போனதால எதுத்தாப்புல வந்த ஆட்டோக்காரர் ஒதுங்கிட்டாரு. நான் 500 கட்டிட்டு வந்துட்டா போர்டு அப்புடியேதானே இருக்கும், அடுத்து வெசையா திரும்பறவன் யாரு மேல ஏத்துவான்னு தெரியாதே. ஃபைன் போட்ட எடத்துல இருந்து அந்த முக்கு வரைக்கும் நாப்பது தப்படி கூட வராது, முக்குலயே நின்னு தடுத்திருந்தா யாருமே உள்ள வந்திருக்க மாட்டாங்க. உள்ள வர விட்டு புடிக்கறதுல யாருக்கு என்ன நன்மைங்க?

பொள்ளாச்சி ஓய்வு இன்ஜினியர்:

நான் நெடுஞ்சாலை வேலையில இருந்து ரிட்டயர் ஆனவன். போர்டு வெக்கறதுக்கு இஷ்டப்படி முறை கிடையாது, இந்திய சாலைக் காங்கிரஸோட ஐஆர்சி 67ன்னு ஒரு நெறிமுறை இருக்கு, வடிவம், நிறம், எழுத்து சைஸு, உயரம், ரோட்டுல இருந்து எவ்வளவு தள்ளி, எல்லாம் அதுல இருக்கு. செவப்பு வட்டம் கட்டாயம் மதிக்க வேண்டியது, முக்கோணம் எச்சரிக்கை, நீலச் சதுரமும் செவ்வகமும் தகவல். நோ என்ட்ரிங்கறது செவப்பு வட்டத்துக்குள்ள வெள்ளையா குறுக்குப் பட்டை. அதை ஒன்வே முடியற முனையில, திரும்பி உள்ள வரப் பாக்கறவன் கண்ணுல படற மாதிரி வெக்கணும். ராத்திரி லைட்டு பட்டா மின்னற ஷீட்டு ஒட்டியிருக்கணும். சும்மா பெயின்ட் அடிச்ச தகரமோ, கடைக்காரர் விளம்பரத்தோட நிக்கற பேரிகேடுல கோணலா எழுதுன எழுத்தோ இதுக்கு ஈடாகாது. ஒன்வேன்னு பேரிகேடுல சாக்பீஸ்ல எழுதி வெச்ச ஊரையும் பாத்திருக்கேன்.

119வது பிரிவுலயே கட்டாயச் சைன்னா என்னன்னு விளக்கம் இருக்கு, முதல் அட்டவணைல இருக்கற மாதிரியோ, அதே போல செவப்புப் பின்னணி இல்லைன்னா செவப்பு விளிம்பு இருக்கற வட்டமாவோ இருக்கணும், 116ன் கீழ வெச்சதா இருக்கணும். அதனால தம்பி ஃபோட்டோல போர்டோட வடிவமும் தெளிவா தெரியணும்.

இன்னொண்ணு யாரும் கவனிக்கறதில்ல. 116(5)ன்னு ஒரு உட்பிரிவு, சைனை மறைக்கற மாதிரி விளம்பரமோ வேற போர்டோ இருந்தா அதை எடுக்க எஸ்பி ரேங்க்குக்கு கொறையாத போலீஸ் அதிகாரிக்கு மாநில அரசு அறிவிப்பு போட்டு அதிகாரம் குடுக்கலாம்னு இருக்கு. காதுகுத்து ஃப்ளெக்ஸை எடுக்க சட்டத்துல வழியே இல்லைன்னு யாரும் சொல்ல முடியாது. மரக்கெளைய வெட்ட வேண்டியது ரோட்டுக்குச் சொந்தக்காரங்க. ரோடு யாருதுன்னு தெரியலைன்னா மைல்கல்லப் பாருங்க, மேல மஞ்சள்னா தேசிய நெடுஞ்சாலை, பச்சைன்னா மாநில நெடுஞ்சாலை. டவுன் கடைவீதின்னா பெரும்பாலும் மாநகராட்சி, நகராட்சிதான்.

கோவை யூடர்ன்:

எங்க கோயமுத்தூர்ல சிக்னல எல்லாம் எடுத்துட்டு யூடர்ன், ரவுண்டானான்னு மாத்துனப்ப ஆரம்பத்துல எத்தன பேரு குழம்புனாங்க தெரியுமா, பழக்கத்துல நேரா போறவன் நேரா போயிட்டேதான் இருந்தான். அவினாசி ரோட்டு மேம்பாலம் கட்டி முடிக்கற வரைக்கும், அதாவது 2025 அக்டோபர்ல உப்பிலிபாளையத்துல இருந்து கோல்டுவின்ஸ் வரைக்கும் தொறக்கற வரைக்கும், கீழ பாதை மாறிக்கிட்டே இருந்துச்சு. ரோடு மாறும், அது தப்பில்ல. மாத்தறப்ப உள்ளூர்க்காரன விட வெளியூர்க்காரன நெனச்சு போர்டு வெக்கணும். சென்னிமலைல இருந்து சரக்கு கொண்டு வர்றவருக்கு நம்ம ஊரு வாட்சப் குரூப்ல வந்த அறிவிப்பு எப்புடித் தெரியும்?

மேட்டுப்பாளையம் டிக்கி:

சரிங்க வக்கீலக்கா, நான் காசு கணக்குதான் சொன்னேன், செல்வியக்கா எழுதுனதப் படிச்சப்பறம் போர்டை மாத்த வெக்கணும்னு எனக்கும் தோணுது. ஆனா சாதாரண ஆளு வக்கீல் இல்லாம இதைச் செய்ய முடியுமா, அதைச் சொல்லுங்க.

கோபி வக்கீல் அக்கா:

முடியும் தம்பி. சலான உடனே கட்டணும்னு யாரும் கட்டாயப்படுத்த முடியாது. 2026 ஜனவரில விதி மாறறதுக்கு முந்தின சலான்னா, கட்டாம விட்டா அது ஆன்லைன்ல நடக்கற மெய்நிகர் நீதிமன்றத்துக்குப் போகும், போனுக்கு மெசேஜ் வரும், அந்த தளத்துல போய் வண்டி நம்பரோ சலான் நம்பரோ போட்டா ரெண்டு வழி காட்டும், அபராதம் கட்டறேன், இல்லைன்னா வழக்கை எதுத்து நடத்தறேன். எதுத்து நடத்தறேன்னு குடுத்தா அந்த எல்லைக்குள்ள இருக்கற மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்கு மாத்திடுவாங்க, அப்பறம் தேதி வரும், நீங்களே நின்னு பேசலாம். ஒண்ணு மட்டும், எதுத்து நடத்தறேன்னு குடுத்துட்டு தேதிக்குப் போகாம இருந்தீங்கன்னா சம்மன், வாரண்டுன்னு தேவையில்லாத தலைவலி. போறதா இருந்தா போங்க, இல்லைன்னா கட்டிடுங்க, நடுவுல தொங்க விடாதீங்க. மத்திய அரசோட பரிவாகன் இ-சலான் தளத்துலயும் புகார் குடுக்கற வசதி இருக்கு, அதையும் குடுத்து அந்த நம்பரக் குறிச்சு வைங்க, ஆனா அதை மட்டும் நம்பி இருக்காதீங்க.

ஃபோட்டோ எடுக்கறதுல நெறைய பேரு கோட்டை விடறாங்க. போர்டுக்குப் பக்கத்துல போய் நின்னு எடுத்தா போர்டு நல்லா தெரியுதேன்னு எதுத் தரப்புக்குத்தான் அது சாட்சி. நீங்க வந்த பாதைல, சீட்டு உயரத்துல, திரும்பறதுக்கு முன்னாடி என்ன தெரிஞ்சுதோ அதை எடுக்கணும். ரோட்டு ஓரத்துல நின்னு எடுத்தா போதும், வண்டி ஓட்டிக்கிட்டே எடுக்காதீங்க. பக்கத்துக் கடை பேரு, தேதி, நேரம் தெரியணும். போன்ல இருக்கற மூல ஃபைல அழிச்சிடாதீங்க, வாட்சப்ல அனுப்புன நகல் மட்டும் இருந்தா பத்தாது. கோர்ட்டுல குடுக்கறப்ப பாரதிய சாட்சிய அதிநியம்ங்கற புது சாட்சியச் சட்டத்தோட 63வது பிரிவுப்படி சான்று வெக்கணும், பழைய சாட்சியச் சட்டத்து 65பி தான் 2024 ஜூலை 1ல இருந்து இப்புடி மாறியிருக்கு.

எல்லாத்தையும் விட வலுவான ஆயுதம் ஆர்டிஐ, அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல போடற மனு. அந்த ரோட்டை ஒன்வே ஆக்குன உத்தரவு நகல், அரசிதழ் அறிவிப்பு நகல், போர்டு எந்தத் தேதில எந்த இடத்துல வெச்சாங்கங்கற பதிவு, இந்த மூணையும் போலீஸுக்கும் மாநகராட்சிக்கும் தனித்தனியா கேளுங்க. ஏன் கேக்கறேன்னு காரணம் எழுத வேண்டியதில்ல. முப்பது நாள்ல பதில் வரணும், வரலைன்னா அதே சட்டத்துல 19(1)ல மேல்முறையீடு.

உடுமலை பொட்டிக்கடை:

அக்கா, இதே மாதிரி நோ பார்க்கிங் போர்டு இல்லாத எடத்துல நிறுத்துனதுக்கு எனக்கும் 500 போட்டாங்க, பஸ் ஸ்டாப்பு பக்கத்துல. அதையும் இப்புடிக் கேக்கலாமா?

கோபி வக்கீல் அக்கா:

அதுல நம்ம பக்கம் பலமில்ல தம்பி. 2017ல வந்த வாகனம் ஓட்டும் ஒழுங்குமுறைகள்ல பஸ் ஸ்டாப்பு பக்கம், ஸ்கூல், ஆஸ்பத்திரி வாசல், ரோட்டைக் கடக்கற கோடு, இந்த மாதிரி எடத்துல போர்டு இருந்தாலும் இல்லைன்னாலும் நிறுத்தக் கூடாதுன்னு இருக்கு. போர்டு இல்லைங்கற வாதம் போர்டுனால மட்டுமே வர்ற தடைக்குத்தான். ஹெல்மெட்டு, செல்போனு இதுக்கெல்லாமும் இது பொருந்தாது.

நாமக்கல் ஸ்டேரிங்:

கேமரா சலானுக்கு இது எப்புடிங்கக்கா? ஆள் யாரும் நிறுத்தறதில்ல, நேரா மெசேஜ்தான் வருது.

கோபி வக்கீல் அக்கா:

கேமராவுக்கு மத்திய மோட்டார் வாகன விதிகள்ல 167ஏ ன்னு 2021ல ஒரு விதி வந்துச்சு அண்ணா. கேமரா கண்காணிப்பு இருக்குன்னு முன்னாடியே தெளிவா தெரியற மாதிரி போர்டு வெக்கணும், கருவிக்கு ஒப்புதல் சான்று இருக்கணும், நோட்டீஸ் பதினஞ்சு நாளுக்குள்ள அனுப்பணும். வேகக் கட்டுப்பாட்டுக்கும் மோட்டார் வாகனச் சட்டம் 112(2)ல அறிவிப்பும் போர்டும் ரெண்டும் வேணும்னுதான் இருக்கு. மெசேஜ் வந்த தேதி, படத்துல இருக்கற தேதி ரெண்டையும் ஒப்பிட்டுப் பாருங்க.

சென்னிமலை போர்வைக்காரன்:

நெறைய நாள் கழிச்சு வர்றனுங்க, கேட்டவங்க மன்னிக்கணும். நடந்தத அப்படியே சொல்றேன்.

சலான்ல 119, 177தான் இருந்துச்சு. எதுத்து நடத்தறேன்னு குடுத்துட்டேன். ஆர்டிஐ ரெண்டு எடத்துக்கும் போட்டேன். மாநகராட்சில இருந்து, போர்டு வெச்சது நாங்க இல்லை, அது பத்தி எங்ககிட்ட ஆவணம் எதுவும் இல்லைன்னு ஒரு வரி. போலீஸ்ல இருந்து வந்த பதில்தான் முக்கியமுங்க, நெரிசலக் குறைக்க சோதனை அடிப்படைல ஒன்வே ஆக்குனோம், அரசிதழ் அறிவிப்பு எதுவும் வெளியிடல. சோதனை ஆரம்பிச்ச தேதியும் அதுலயே இருக்குது, அதுல இருந்து எனக்கு சலான் போட்ட தேதி வரைக்கும் எண்ணிப் பாத்தா ஒரு மாசத்தத் தாண்டி ரொம்ப நாளாச்சு. அக்கா சொன்ன அதே 115.

கோர்ட்டுல குத்தத்த ஒத்துக்கறீங்களான்னு கேட்டாங்க, இல்லீங்கன்னேன். அடுத்த தேதிக்கு ஃபோட்டோ, சான்று, ஆர்டிஐ பதில் எல்லாம் ஒட்டுக்கா குடுத்தேன். மாஜிஸ்திரேட் அம்மா ஃபோட்டோவ நல்லா உத்துப் பாத்துட்டு, இந்தப் படத்துல போர்டு எங்க இருக்குன்னு போலீஸ் தரப்பக் கேட்டாங்க. அவங்களால காட்ட முடியல. என்னைய விடுவிச்சுட்டாங்க. வக்கீல் வெக்கல, அக்கா இங்க எழுதுனத அச்சு எடுத்துட்டுப் போய் அதை வெச்சே பேசுனேன், ரொம்ப நன்றிங்க.

செல்வியக்காவுக்கு இதைச் சொல்லணும். நடுவுல ஒரு திங்கக்கெழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துல தனியா ஒரு மனு குடுத்தேன், மாவட்ட சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கு அனுப்பணும்னு எழுதி, அதே ஃபோட்டோவ வெச்சு, சலான் பத்தி ஒரு வார்த்தை கூட எழுதல. ரெண்டையும் கலக்க வேண்டாம்னு இன்ஜினியர் ஐயா தனியா சொல்லியிருந்தாரு. போன வாரம் சரக்கு போடப் போனேன். ஃப்ளெக்ஸு இல்ல, கெளைய வெட்டிட்டாங்க, முக்குல ரெண்டு பக்கமும் தனிக் கம்பம் நட்டு செவப்பு வட்டம் வெச்சிருக்காங்க, தூரத்துல இருந்தே தெரியுது. இப்ப நானும் சுத்தித்தான் போறேன், கொஞ்சம் டீசல் கூட ஆகுது, ஆகட்டும்.

பல்லடம் செல்வி:

ரெண்டு பக்கமும் வெச்சிருக்காங்கன்னு படிச்சதும் எங்க அண்ணன்கிட்டக் காட்டுனேன். நீங்க மனு குடுத்ததுக்கு நல்லா இருக்கணும் தம்பி. எங்க பக்கத்துலயும் இதே மாதிரி ஒரு முக்கு இருக்குது, நோ என்ட்ரி போர்டு டீக்கடை நிழல் சீட்டுக்குப் பின்னாடி. ஆர்டிஐ மனுவுக்குக் கட்டணும்கற பத்து ரூபா ஃபீஸ எப்புடிக் கட்டறதுன்னு மட்டும் சொல்லுங்க, எனக்கு இதெல்லாம் பழக்கமில்ல.

சென்னிமலை போர்வைக்காரன்:

அக்கா, கோர்ட்டு வாசல்ல, தாலுகா ஆபீஸ் பக்கத்துல பத்து ரூபா கோர்ட்டு ஃபீஸ் ஸ்டாம்பு கெடைக்கும், மனுவோட மொத பக்கத்துல மேல ஒட்டி, பொதுத் தகவல் அலுவலர்னு பேரப் போட்டு, கீழ கையெழுத்துப் போட்டு, ஸ்பீட் போஸ்ட்ல அனுப்புங்க, பதிவுத் தபால் 2025ல அதோட சேந்துருச்சு. அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு நகல் எடுத்து ஊட்டுல வெச்சுக்குங்க. மனு எழுதி இங்க போடுங்க, நாங்க பாத்துச் சொல்றோம்.